மரவிமானத்தைக் காக்கும் மனிதர்கள்: சில தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

லண்டனுக்கு வடக்கே, எம்25 சுற்றுச்சாலையின் இரைச்சல் காதில் விழும் தூரத்தில், அகழி சூழ்ந்த பழைய மாளிகை ஒன்று இருக்கிறது. பெயர் சாலிஸ்பரி ஹால். அதை ஒட்டிய நிலத்தில், சில ஹேங்கர்களிலும் திறந்த புல்வெளியிலுமாக அமைந்திருக்கிறது டி ஹாவிலண்ட் விமான அருங்காட்சியகம். 1959-இல் திறக்கப்பட்டது. பிரிட்டனின் மிகப் பழைய விமான அருங்காட்சியகம் என்ற பெயர் அதற்கு உண்டு.

டி ஹாவிலண்ட் நமக்கும் தொடர்பில்லாத பெயர் அல்ல. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா தபால் மூட்டைகளுடன் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்தது இந்த நிறுவனம் செய்த புஸ் மாத் விமானத்தைத்தான். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு அந்தத் தபாலைக் கொண்டு வந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். சுதந்திர இந்தியாவின் விமானப் படைக்கு முதலில் வந்த ஜெட் விமானமான வாம்பயரும் டி ஹாவிலண்டின் படைப்பே. பிறகு பெங்களூரு எச்.ஏ.எல். ஆலையிலேயே அதைக் கட்டினார்கள்.

இந்த அருங்காட்சியகம் பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில் நடக்கிறது. சீட்டுக் கிழிப்பதிலிருந்து சிறகு ஒட்டுவது வரை அவர்கள் கைதான். அங்கே போய் வந்த பிறகு நண்பர்களிடம் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அந்த மனிதர்களைப் பற்றியும் அவர்கள் காக்கிற விமானங்களைப் பற்றியும் சில தவறான எண்ணங்கள் திரும்பத் திரும்ப எதிரே வருகின்றன. அவை அந்த உழைப்பின் மதிப்பைக் குறைக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

“ஓய்வு பெற்ற விமானிகள் பொழுதுபோக்கக் கூடும் இடம்”

முதலில் வருவது இதுதான். இது உண்மையில்லை என்பதற்கு அருங்காட்சியகம் பிறந்த கதையே சாட்சி.

1939 அக்டோபரில், ஹாட்ஃபீல்டில் இருந்த தொழிற்சாலையில் குண்டு விழக்கூடும் என்ற அச்சத்தால், ஆர்.ஈ. பிஷப் தலைமையிலான வடிவமைப்புக் குழுவை நிறுவனம் சாலிஸ்பரி ஹாலுக்கு அனுப்பியது. அந்த அச்சம் வீண்போகவில்லை. ஓராண்டு கழித்து, 1940 அக்டோபர் 3 அன்று, ஒரு ஜெர்மன் விமானம் ஹாட்ஃபீல்டில் குண்டு வீசி 21 பேரைக் கொன்றது. மாளிகைக்குள் வரைந்ததை, வயல் நடுவே தானியக் களஞ்சியம்போல் தோற்றம் தந்து கட்டிய ஒரு கொட்டகையில் விமானமாக்கினார்கள். அதுதான் முதல் மஸ்கிட்டோ, டபிள்யூ4050. பிரித்து, சாலை வழியே ஹாட்ஃபீல்டுக்குக் கொண்டு போய், 1940 நவம்பர் 25 அன்று ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் ஜூனியர் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். பிறகு மொத்தம் 7,781 மஸ்கிட்டோக்கள் கட்டப்பட்டன.

போர் முடிந்தது. முதல் விமானம் யாருக்கும் வேண்டாத பொருளாயிற்று, எரித்துவிடச் சொன்னார்கள். டி ஹாவிலண்டின் மக்கள் தொடர்புப் பிரிவில் இருந்த பில் பேர்ட் என்பவருக்கு மனம் வரவில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றி மாற்றி அதை ஒளித்து வைத்தார். இதற்கிடையே, கேட்பாரற்றுக் கிடந்த சாலிஸ்பரி ஹாலை வால்டர் கோல்ட்ஸ்மித் எடுத்துக்கொண்டார். அவர் கடற்படைப் போர்வீரர் பிரிவில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், விமானி அல்ல. தன் வீட்டில் என்ன நடந்தது என்று தேடப் போனவரிடம்தான் அந்த விமானம் வந்து சேர்ந்தது. அதை வைக்க ஒரு கொட்டகை கட்டப் பணம் திரட்டினார். ஒருவர் ஒளித்துக் காத்ததும், இன்னொருவர் இடம் கொடுத்துப் பாதுகாத்ததும் கூலிக்காக அல்ல. தன்னார்வம் அந்த இடத்தின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது.

இன்றைக்கும் அப்படித்தான். நான் பேசிய வரையில், அங்கே வேலை செய்பவர்களில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் உண்டு, மின்வேலை செய்தவர் உண்டு, வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதியவர் உண்டு. சிலர் ஹாட்ஃபீல்ட் ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். இளைஞர்களும் வருகிறார்கள். அவர்களை இணைப்பது ஒன்றே: எடுத்த வேலையைச் செம்மையாக முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம்.

“தூசி தட்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வேறென்ன?”

மஸ்கிட்டோ மரத்தால் ஆன விமானம். உள்ளும் புறமும் மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகை, நடுவில் எடை குறைந்த பால்சா மரம். மூன்றையும் சேர்த்து அச்சின் மேல் வளைத்து ஒட்டி உடற்பகுதியைச் செய்தார்கள். அது நிலக்கடலை ஓடுபோல இடம், வலம் என்று நெடுக்காக இரு பாதியாக வந்தது. கம்பிகள், குழாய்கள், கட்டுப்பாட்டுக் கயிறுகள் எல்லாவற்றையும் திறந்த பாதிகளுக்குள் வசதியாகப் பொருத்திவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள். சிறகோ நுனியிலிருந்து நுனி வரை ஒரே துண்டு, 54 அடிக்கும் சற்று மேல்.

எழுபது, எண்பது ஆண்டுகளில் இந்த மரத்துக்கு என்ன ஆகும்? தண்ணீர் புகுந்த இடத்தில் பால்சா மாவாகிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. விரல் நுனியால் தட்டித் தட்டி, ஓசை மாறுகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கெட்ட பகுதியை அறுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் புது மரத்தை வெறுமனே செருகிவிட முடியாது. பழைய மரத்தின் விளிம்பையும் புதிய மரத்தின் விளிம்பையும் நீண்ட சரிவாக இழைத்து, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து ஒட்ட வேண்டும். சரிவு குட்டையாக இருந்தால் இணைப்பு தாங்காது. பலகையோ சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் கண்ணுக்கு நேராகச் சரிவு இழைப்பது நம் ஊர்த் தச்சர்களில் கைதேர்ந்தவர்களுக்கே பொறுமையைச் சோதிக்கும் வேலை.

அங்கே ஒரு தன்னார்வலர் தன் வேலைமேசையில் கிடந்த இரண்டு சின்ன மரத்துண்டுகளை எடுத்துக் காட்டினார். பசை கலக்கும்போதெல்லாம் இப்படி ஒரு சோதனைத் துண்டையும் ஒட்டி வைப்பார்களாம். காய்ந்ததும் அதை வேண்டுமென்றே உடைத்துப் பார்க்க வேண்டும். அவர் காட்டிய துண்டில் பசைக்கோடு அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் மரம் நார்நாராகக் கிழிந்திருந்தது. பசைக்கோட்டில் பிரிந்துவிட்டால் இணைப்பு கெட்டது என்று பொருள்; மரம் கிழிந்தால்தான் நல்லது. இந்த விமானம் இனி ஒருபோதும் பறக்கப் போவதில்லை. ஆனாலும் சோதனைத் துண்டை உடைத்துப் பார்க்காமல் அடுத்த வேலைக்கு அவர் போவதில்லை. அந்த மேசையை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை.

மரவேலை முடிந்த பிறகு அதன்மேல் மெல்லிய பருத்தித் துணியை இழுத்து ஒட்டி, அரக்கு போன்ற ஒரு பூச்சைப் பலமுறை பூசுகிறார்கள். அந்தத் துணி மடப்பொல்லம். கோதாவரிக் கரையில் நரசாபூர் அருகே, கிழக்கிந்தியக் கம்பெனி துணி வாங்கி ஏற்றுமதி செய்த ஊரின் பெயரைத்தான் அது இன்றும் சுமக்கிறது. பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வருகிறது.

“உலோகம் கிடைக்காததால் செய்த மட்டமான விமானம், வெயிலில் பசை உருகிவிட்டது”

அலுமினியத் தட்டுப்பாடு வரும் என்ற கணக்கு இருந்தது உண்மை. தச்சர்களும், மேசை நாற்காலி செய்வோரும், பியானோ செய்வோரும் சும்மா இருக்கும் கைகளாக இருந்தார்கள் என்பதும் உண்மை; ஹை விக்கம் ஊரின் மரச்சாமான் பட்டறைகளில் மஸ்கிட்டோவின் பாகங்கள் உருவாயின. ஆனால் மரம் வேறொன்றையும் கொடுத்தது. ரிவெட் தலைகள் துருத்தாத வழுவழுப்பான மேற்பரப்பு. துப்பாக்கி ஏதும் இல்லாமல், வேகத்தையே காப்பாக நம்பி வடிவமைத்த குண்டுவீச்சு விமானத்துக்கு அது பெரிய வரம். 1941 தொடக்கத்தில் நடந்த சோதனைகளில் டபிள்யூ4050 அன்றைய ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தை வேகத்தில் முந்தியது.

இந்தியா, பர்மா முனையில் மஸ்கிட்டோக்கள் சிறகு முறிந்து விழுந்ததும், 1944 இறுதியில் அவற்றைத் தரையில் நிறுத்திவைத்ததும் நடந்த சம்பவங்கள்தான். மழைக்கால ஈரமும் வெயிலும் மாறி மாறித் தாக்கியதில் மரம் சுருங்கி விரிந்தது. தொடக்கத்தில் பயன்படுத்திய பால்புரதப் பசை ஈரத்தைத் தாங்கும் ரகமல்ல. அதை அதற்கு முன்பே ஃபார்மால்டிஹைடு பசையாக மாற்றத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் பழி முழுவதையும் பசைமேல் போட்டுவிட முடியவில்லை. சிறகின் பாகங்களைப் பொருத்தியதில் இடைவெளி விட்ட தொழிற்சாலைக் குறைகளும் விசாரணையில் வெளிவந்தன. அருங்காட்சியகத் தன்னார்வலர்கள் இதை மறைப்பதில்லை. கேட்டால், சிறகில் எந்த இடத்தில் அந்தப் பிரச்சினை வந்தது என்று விரலால் தொட்டுக் காட்டுகிறார்கள்.

“எல்லாம் அசல், அப்படியே இருப்பது”

டபிள்யூ4050-ஐப் பார்த்து, முதல்நாள் பறந்த அதே விமானம் என்று நினைப்பது இயல்பு. 1941 பிப்ரவரியில் பாஸ்கம் டவுன் சோதனைத் தளத்தில், மேடுபள்ளமான தரையில் ஓடும்போது வால்சக்கரம் சிக்கி, உடற்பகுதி முறிந்துபோனது. வேறொரு முன்மாதிரிக்காக வைத்திருந்த உடற்பகுதியை எடுத்து இதற்குப் பொருத்தினார்கள். பிற்பாடு வந்த மஸ்கிட்டோக்களின் வலது பக்கத்தில் நெடுக ஒரு வலுவூட்டும் பட்டை காணப்படுவதற்கும் அந்த முறிவே காரணம்.

அருங்காட்சியகத்தில் மூன்று மஸ்கிட்டோக்கள் இருக்கின்றன. ஒரே கூரையின்கீழ் மூன்றைப் பார்ப்பது அரிது. அவற்றில் டிஏ122 என்பதன் உடற்பகுதி ஓரிடத்திலிருந்தும், சிறகு இஸ்ரேலின் ஒரு கூட்டுப்பண்ணையில் கிடந்த வேறொரு மஸ்கிட்டோவிலிருந்தும் வந்தவை. இரண்டையும் ஒன்றாக்கப் பல ஆண்டுகள் ஆயின. எது பழையது, எது புதியது, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைப்பதையும் அவர்கள் வேலையின் பாதியாகவே கருதுகிறார்கள். இந்த நேர்மைக்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். புது மரத்துக்குப் பழைய நிறம் பூசிவிட்டு வாய்மூடி இருப்பது எவ்வளவோ எளிது.

“காமெட் விழுந்ததற்குச் சதுர ஜன்னல்தான் காரணம்”

பள்ளிப் புத்தகங்களிலும் வீடியோக்களிலும் நிலைத்துவிட்ட கதை இது. அருங்காட்சியகத்தில் ஏர் பிரான்ஸில் பறந்த காமெட் 1ஏ ஒன்றின் உடற்பகுதி இருக்கிறது, அந்த ஆரம்பகால ஜன்னல்களுடனேயே. உள்ளே விமானி அறையையும் பயணிகள் பகுதியையும் தன்னார்வலர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். ஜன்னலைப் பார்த்ததும் பார்வையாளர்கள் இதே வாக்கியத்தைச் சொல்வார்கள் போலிருக்கிறது. பதிலைப் பொறுமையாகச் சொல்ல அவர்கள் பழகியிருக்கிறார்கள்.

முதலில், அது சதுரமல்ல; மூலைகளை வளைத்த செவ்வகம். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும்.

காமெட் உலகின் முதல் ஜெட் பயணி விமானம். 1949 ஜூலை 27 அன்று முதன்முறை பறந்தது. 1952 மே 2 அன்று லண்டன்–ஜோகன்னஸ்பர்க் சேவை தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்புக்கும் வந்தது. சேவை தொடங்கிச் சரியாக ஓராண்டு ஆன நாளில், கல்கத்தா டம்டம் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய காமெட் கடும் புயற்காற்றில் சிக்கிச் சிதறியது. 43 பேர் இறந்தார்கள். 1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவருகே இன்னொன்று நடுவானில் உடைந்து 35 பேர் போனார்கள். ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே மூன்றாவது, 21 பேர்.

பிறகு ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் நடந்தது விமான வரலாற்றில் மிகப் பெரிய துப்பறியும் வேலை. ஒரு முழுக் காமெட்டை நீர்த்தொட்டிக்குள் இறக்கினார்கள். உள்ளே தண்ணீர் அழுத்தத்தை ஏற்றி, இறக்கி, சிறகுகளை அசைத்து, பறப்பு பறப்பாக நடித்துக் காட்டினார்கள். அந்த விமானம் உண்மையில் பறந்ததையும் தொட்டியில் பறந்ததையும் சேர்த்து 3,057 பறப்புகளில் அதன் உலோகத் தோல் கிழிந்தது. அந்தக் கிழிசல் தொடங்கியது ஓர் அவசரவழி ஜன்னலின் மூலையில். ஆனால் எல்பா கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளில் விரிசல் தொடங்கிய இடம் பயணிகள் ஜன்னல் அல்ல. கூரையில் ரேடியோ ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலை.

வெட்டிய மூலைகள் எல்லாவற்றிலும் அழுத்தம் கணக்கிட்டதைவிட அதிகமாகக் குவிந்திருந்தது. தோல் மெல்லியது. ரிவெட் துளைகளைத் துளையிடாமல் குத்தி எடுத்ததில் விளிம்புகளில் நுண்விரிசல்கள் விழுந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, பறப்புக்கு முன் தொழிற்சாலையே செய்த சோதனையில் ஒளிந்திருந்தது. நீண்ட காலச் சோதனைக்கு வைத்த உடற்பகுதியை முதலில் மிக அதிக அழுத்தத்துக்கு ஏற்றியிருந்தார்கள். அப்போது மூலைகளில் உலோகம் லேசாக நீண்டு இறுகிவிட்டது. அதனால் அந்தச் சோதனைத் துண்டு நெடுநாள் தாங்கியது. பயணிகளை ஏற்றிய விமானங்களோ தாங்கவில்லை. சோதனை செய்யாமல் பறக்கவிட்டார்கள் என்ற பேச்சு அபாண்டம். செய்த சோதனையே அவர்களை ஏமாற்றிவிட்டது.

அந்த விசாரணையின் முடிவுகள் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டன. டி ஹாவிலண்டின் போட்டியாளர்களும் படித்துக்கொண்டார்கள். நாம் இன்று ஏறுகிற எந்த விமானத்திலும் அந்தப் பாடம் இருக்கிறது. 1958 அக்டோபரில் திருத்திய காமெட் 4 அட்லாண்டிக்கைக் கடக்கும் முதல் ஜெட் பயணி சேவையைத் தொடங்கி வைத்தது. இவ்வளவையும் ஒரு பள்ளிச் சிறுவனுக்குப் புரியும்படி, காமெட்டின் வாசலில் நின்று சொல்லிக்கொடுக்க ஒரு மனிதர் தன் விடுமுறை நாளைக் கொடுக்கிறார்.

“உண்மையான விமானம் என்றால் பறக்க வேண்டாமா?”

2012 செப்டம்பரில் நியூசிலாந்தில் ஒரு மஸ்கிட்டோ மறுபடி பறந்தது. அற்புதமான சாதனை. ஆனால் அதன் மரப்பகுதிகளைப் புதிய அச்சுகளில் புது மரத்தால் கட்டினார்கள்; அப்படித்தான் கட்ட முடியும். பல பத்தாண்டு பழைய பசையை நம்பி யாரையும் ஏற்ற முடியாது. 1996 ஜூலையில் மான்செஸ்டர் அருகே விமானக் கண்காட்சி ஒன்றில் பறந்துகொண்டிருந்த மஸ்கிட்டோ விழுந்து, அதிலிருந்த இருவரும் இறந்தார்கள், விமானமும் போய்விட்டது.

பறக்க வைத்தால் பழைய மரம் போகும். பழைய மரத்தைக் காத்தால் பறப்பு இல்லை. 1940-இல் வரைந்தவர்கள், இழைத்தவர்கள், ஒட்டியவர்கள் செய்த வேலை எப்படி இருந்தது என்பதற்கு டபிள்யூ4050 நேரடி ஆதாரம். அதை நிற்கவிட்டது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“போரைப் புகழும் இடம்”

இது நியாயமான கவலை. மஸ்கிட்டோ நகரங்கள்மீது குண்டு வீசியது. அதை ஓட்டிய இளைஞர்கள் பலர் திரும்பவில்லை. இரண்டையும் அங்கே சொல்கிறார்கள். அதே விமானம்தான் ஆயுதமின்றி ஸ்காட்லாந்துக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் இடையே பறந்து பால்பேரிங்குகளைச் சுமந்தது. 1943 அக்டோபரில் இயற்பியலாளர் நீல்ஸ் போரைக் குண்டறையில் படுக்கவைத்து ஸ்வீடனிலிருந்து கொண்டு வந்ததும் ஒரு மஸ்கிட்டோவே. ஆக்சிஜன் சரியாகக் கிடைக்காமல் அவர் வழியில் மயங்கிப்போனார், விமானம் தாழ்ந்து பறந்ததும் தெளிந்தார்.

“சம்பளம் இல்லை, ஆகவே செலவும் இல்லை”

கூரை ஒழுகினால் பால்சா அழுகும். ஹேங்கரில் ஈரப்பதம் ஏறினால் ஒட்டு விடும். புதிய ஹேங்கர் ஒன்றுக்கு லாட்டரி நிதி உதவியது; அதற்கான மனு எழுதுவது, திட்டம் போடுவது, கணக்குக் காட்டுவது என்று எல்லாவற்றிலும் தன்னார்வலர்களின் மாலைநேரங்கள் கரைந்தன. மரம், பசை, துணி, காப்பீடு, மின்சாரம் எல்லாம் காசுக்குத்தான் வருகின்றன. நுழைவுச்சீட்டு, கடையில் வாங்கும் சிறு பொருள், உண்டியலில் போடும் பணம் இவைதான் அந்த உழைப்புக்கு மரம் வாங்கித் தருகின்றன.

லண்டனிலோ ஹார்ட்ஃபோர்ட்ஷையரிலோ வாழும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு வரும் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். பலகைகளை மட்டும் படித்துவிட்டு வராமல், அங்கே நிற்பவரிடம் கேள்வி கேளுங்கள். கேட்டால் சிறகின் உள்ளே வரைக்கும் காட்டுவார்கள். கிளம்பும்போது நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். வாரத்தில் ஒரு நாள் கையில் இருக்கிறது என்றால் நீங்களும் சேரலாம். விமானம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேலையைக் கற்றுத் தருகிறார்கள்.